சீட்டு மாறிய மாத்திரை

குப்பி இன்னும் சூடாக இருக்கிறது. கைக்குட்டையில் சுற்றி மடியில் வைத்து, மேலே கையைப் பொத்தி உட்கார்ந்திருக்கிறேன், யாரோ பிடுங்கிக்கொண்டு ஓடப்போகிற மாதிரி. இதை யார் பிடுங்குவார்கள்? என் மகள் அபிநயாவின் மூத்திரம். ஒன்பதாம் நம்பர் ஜன்னல் எனக்கு நேரே இருக்கிறது. எழுந்தால் பத்து அடி, வைத்துவிட்டு வந்தால் வேலை முடிந்தது. "பிடிச்சதும் ஒன்பதாம் நம்பர்ல வச்சிருங்கம்மா, வெரசா" என்று ஸ்டெல்லா சிஸ்டர் சொல்லி அரை மணி நேரம் ஆகிறது. வெரசாவாம். நான் எழுந்திருக்கவில்லை. கைக்குட்டையை ஒரு விரலால் விலக்கிப் பார்த்தேன். அதே நிறம், கேசரிப் பவுடரை அள்ளிப் போட்டுக் கரைத்த மாதிரி. எத்தனை முறை விலக்கிப் பார்த்தாலும் வெளுக்கப்போவதில்லை, தெரிகிறது, ஆனாலும் பார்க்கிறேன். சிவப்பு மாத்திரை தின்கிறவர்களுக்குத்தான் மூத்திரம் இப்படிப் போகும், கண்ணீர்கூட நிறமாக வரும், பயப்படாதீர்கள் என்று முதல் நாளே சொல்லி அனுப்பினார்கள். என் மகளின் அட்டையில் எழுதியிருப்பது வெள்ளை மாத்திரை. சிவப்பு என்று எழுதியிருப்பது என் அட்டையில். அவளுடையதை நான் தின்கிறேன், என்னுடையதை அவள் தின்கிறாள், பதினேழு நாளாக. எங்கள் இரண்டு பேரைத் தவிர இந்தக் கட்டிடத்தில் ஒருவருக்கும் இது தெரியாது. ஜன்னலில் வைத்த நிமிஷம் இந்தக் குப்பி சொல்லிவிடும்.

எரிச்சலாக வருகிறது. யார் மேல் என்று கேட்டால் ஒரு வரிசையையே நிற்க வைத்துக் காட்டுவேன். எதிர்ச் சுவரில் ஒரு படம், அப்பா அம்மா இரண்டு பிள்ளைகள், நாலு பேரும் முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரிக்கிறார்கள், காசநோய் இல்லாத குடும்பமாம், நல்லா இருங்கடா. பக்கத்தில் ஒருவர் முகக்கவசத்தைத் தாடைக்கு மாட்டிக்கொண்டு இருமுகிறார். "அண்ணே, மூக்குக்குப் போடுங்கண்ணே, டி.பி. என்ன தாடைக்கா வருது?" என்றேன். முறைத்தார், பிறகு ஏற்றிப் போட்டுக்கொண்டார். எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. யாரையாவது வைதால் ஐந்து நிமிஷம் தாங்கும், அப்புறம் மறுபடி குப்பி. அபி உள்ளே கட்டிலில் கிடக்கிறாள், கையில் குளுக்கோஸ் இறங்குகிறது. நேற்றுச் சாயங்காலமே உடம்பு அனலாகக் கொதித்தது, கழுத்திலும் முதுகிலும் தடிப்புத் தடிப்பாக. "மாத்திர தின்ன கொஞ்ச நேரத்துல குளுர் வருதும்மா, நாலு நாளாவே வருது" என்றாள். பெற்றவள் அதைக் கேட்டு என்ன சொன்னாள்? "இன்னும் பதினோரு நாள்தான்த்தா, பல்லக் கடிச்சுக்க" என்றாள். காலை ஆறு மணிக்கு எழுப்பி உட்கார வைத்து, நாலு சிவப்பு ஒரு வெள்ளை, உள்ளங்கையில் வைத்து, தண்ணீர்ச் செம்பையும் நானே நீட்டினேன். காய்ச்சலோடு கிடந்த பிள்ளைக்கு. கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாள். பல் தேய்க்கப் போனவள் குழாயடியிலேயே சரிந்தாள். ஒன்பதேகாலுக்கு டாக்டரம்மா கேட்டார், சின்ன வயசுப் பெண், மூக்குத்திகூடப் போடவில்லை: "எந்த மாத்திர சாப்பிடுறீங்க அபிநயா?" அபி டாக்டரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். நான் முந்திக்கொண்டேன். "வெள்ளைங்க டாக்டரம்மா, ஆறு மாசத்து மாத்திர." அவர் அட்டையைப் பார்த்துத் தலையாட்டினார். அட்டையும் என் பக்கம் சாட்சி சொல்லியது. "அப்ப வெள்ளைய நிப்பாட்டிருவோம். ரத்தம் எடுத்தாச்சு, ஈரல் எப்படி இருக்குன்னு பார்ப்போம். யூரினும் குடுங்க. வெள்ளை ஒத்துக்கலன்னா, காய்ச்சல் விட்டதும் அடுத்த வாரம் சிவப்பு வகைக்கு மாத்திக்கலாம். கவலைப்படாதீங்க." எது அவளைக் குழாயடியில் தள்ளியதோ அதையே அடுத்த வாரம் முறைப்படி கொடுப்பார்களாம், நான் கவலைப்பட வேண்டாமாம். கொடுக்கட்டும், வாங்கி வந்து சாக்கடையில் கொட்டிவிட்டால் போகிறது என்று நினைத்தேன். அப்படி நினைத்தவுடன் நிம்மதியாகக்கூட இருந்தது. என்ன ஜென்மம் நான்.

எல்லாவற்றுக்கும் மூலம் வெளியே வாகை மரத்தடியில் ஷேர் ஆட்டோவுக்குள் உட்கார்ந்திருக்கிறது. என் வீட்டுக்காரர், சவுந்தரபாண்டி. பங்குனியில் ஆரம்பித்த இருமல். "சூடு புள்ள, வேற ஒண்ணுமில்ல. எஞ்சின் மேலயே உக்காந்து ஓட்டுறோம்ல" என்றார். சித்திரையில் சூடு, ஆனியில் தூசி, ஆடியில் ஆடிக்காற்று. மாசத்துக்கு ஒரு பெயர் வைத்தார் அந்த இருமலுக்கு. பனங்கற்கண்டும் சுக்கும் வாங்கி என் சம்பளத்தில் பாதி போனது. ஒரே ஒரு அறை, ஒரே ஒரு மின்விசிறி, அதன் கீழே நாங்கள் மூன்று பேர் வரிசையாகப் படுத்து, அவர் இருமியதையெல்லாம் அந்த விசிறி எடுத்து எங்களுக்குப் பங்கு வைத்தது. ஆவணியில் துணி துவைக்கும்போது கைக்குட்டையில் கறை. "என்னங்க இது?" என்றால் "பாக்குக் கறை" என்கிறார். பாக்குப் போடாத மனுஷனுக்குப் பாக்குக் கறை. அன்றைக்குத்தான் கழுத்தில் துண்டைப் போட்டு இழுத்து வராத குறையாக இங்கே கூட்டி வந்தேன். சளியில் கிருமி இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார்கள். அன்று சாயங்காலம் நான் போட்ட சண்டையைச் சண்டை என்றே சொல்ல முடியாது. அடுத்த வீட்டுக்கும் எங்களுக்கும் ஒரே சுவர், டி.பி. என்ற வார்த்தை சுவர் தாண்டினால் தெரு தாண்டிவிடும், அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சுக் குரலில் கத்தினேன். "கொலகாரா. பெத்த புள்ளைக்கே குடுக்கப் பாத்தியேடா கொலகாரா." தலையைக் குனிந்தே இருந்தார். "சொன்னா வண்டிய ஓட்ட விடமாட்டாய்ங்க புள்ள. சவாரி ஏறமாட்டாய்ங்க" என்றார். இப்போது இரண்டரை மாதமாக மாத்திரை தின்று நாலு கிலோ ஏறிவிட்டது, கன்னம் கொழுத்துவிட்டது, இருமல் போன இடம் தெரியவில்லை, நாட்டுக்கோழி முட்டை கேட்கிறார். அவர் தேறிவிட்டார். உள்ளே கிடப்பது என் பிள்ளை. அந்தக் கைக்குட்டையை நான் அன்றே எரித்தேன். இந்தக் குப்பியைச் சுற்றியிருப்பது அதன் ஜோடி, இரண்டாக வாங்கியது, காலையில் அவசரத்துக்குக் கொடியில் கைக்கு இதுதான் வந்தது.

இவர் நோய் தெரிந்து ஒன்றரை மாதம் கழித்து, ஐப்பசியில், ஜெபராஜ் வந்தான். ஆராய்ச்சிக்காரர்களின் ஆள், வீடு வீடாகப் போய்ப் பேசுகிறவன், நல்ல பிள்ளைதான், அதுதான் கோபமாக வருகிறது, கெட்டவனாக இருந்தால் அன்றே விரட்டியிருப்பேன். என் கையிலும் அபி கையிலும் சோதனை ஊசி போட்டார்கள், மூன்றாம் நாள் இரண்டு பேர் கையும் வீங்கியது, அவளுக்குக் கூடுதலாக. "நோய் இல்லக்கா, கிருமி உள்ள தூங்குது. முழிச்சிக்கிராம இருக்க மாத்திர" என்றான். நோயாளியோடு ஒரே அறையில் படுப்பவர்களுக்கு ஆபத்து அதிகமாம். ஐந்து மாதமாக அந்த ஆபத்தைத்தான் விசிறிக் காற்றோடு இழுத்துக்கொண்டிருந்தோம், இவன் வந்து சொல்கிறான். மாத்திரையில் இரண்டு விதம். வெள்ளை, தினம் ஒன்று, ஆறு மாதம். சிவப்பு, தினம் நாலோடு ஒரு வெள்ளையும் சேர்த்து, வெறும் இருபத்தெட்டு நாள். குறைந்த நாள் மாத்திரை நீண்ட நாள் மாத்திரை அளவுக்குக் காப்பாற்றுமா, உடம்பு தாங்குமா என்று பார்க்கத்தான் இந்த ஆராய்ச்சி. "எது நல்லதுன்னு உங்களுக்கே தெரியாதா?" என்றேன். "தெரிஞ்சா எதுக்குக்கா ஆராய்ச்சி?" என்று சிரித்தான். பதினொரு பக்கம் வாசித்துக் காட்டினான். நான் எட்டாவது படித்தவள், நாலாம் பக்கத்தை இரண்டு முறை வாசிக்கச் சொன்னேன். எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம் என்று இருந்தது. யாருக்கு எது என்பதை மட்டும் நாம் கேட்க முடியாது, டாக்டரும் சொல்ல முடியாது, கம்ப்யூட்டர் குலுக்கிப் போடும், ஒரே வீடு என்றாலும் ஆளாளுக்குத் தனிச் சீட்டு. எனக்கு இது புதிதா என்ன? ஐப்பசி பிறப்பதற்கு முன்னால்தான் அபிக்கு வந்த சம்பந்தத்துக்கு அம்மன் சன்னதியில் பூப்போட்டுப் பார்த்தோம். வெள்ளை அரளி ஒரு பொட்டலம், சிவப்பு அரளி ஒரு பொட்டலம், அங்கே விளையாடிக்கொண்டிருந்த ஒரு பச்சைப் பிள்ளையைக் கூப்பிட்டு எடுக்கச் சொன்னோம். சிவப்பு வந்தது. சிவப்பு வந்தால் உத்தரவு. வெள்ளை வந்திருந்தால் கப்சிப்பென்று திரும்பியிருப்போம், அம்மன் போட்ட சீட்டில் கை வைக்க யாருக்குத் தைரியம் வரும்? இங்கே உறையைப் பிரித்தால் எனக்குச் சிவப்பு, அபிக்கு வெள்ளை. கம்ப்யூட்டர் போட்ட சீட்டுக்கு என்ன பயம், அது சாமியா கண்ணைக் குத்த? வீட்டுக்குத் திரும்பும்போதே ஆட்டோவுக்குள் டப்பாவை மாற்றிவிட்டேன்.

தை பன்னிரண்டு முகூர்த்தம். விரல் விட்டு எண்ணினேன். வெள்ளை மாத்திரை சித்திரை வரை போகும். புதுப் பெண் திருமங்கலத்தில் மாமியார் வீட்டு அடுப்படியில் நின்று காலையில் அட்டையைக் கிழித்து மாத்திரை விழுங்கினால், மாமியார்க்காரி ராஜாமணி மதினி சும்மா இருப்பாளா? என்ன மாத்திரை, எதுக்கு மாத்திரை, யார் எழுதிக் கொடுத்தது. சத்து மாத்திரை என்றால் எத்தனை நாள் நம்புவாள்? டி.பி. வீட்டுப் பெண்ணைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று நாலு பேர் சொன்னால் அவள் ஆயுசுக்கும் அந்த வீட்டில் டம்ளர் தனி, தட்டு தனி. சிவப்பு என்றால் கார்த்திகைக்குள் முடிந்துவிடும். பெற்றவளுக்குக் கிடைத்த நல்லது பிள்ளைக்கு, பிள்ளைக்கு வந்த பாரம் பெற்றவளுக்கு, இதில் என்ன யோசனை? அபிதான் யோசித்தாள். "எடை போட்டுப் பாத்துத்தானம்மா ஆளுக்கு எத்தனன்னு குடுத்தாங்க?" என்றாள். இரண்டாம் வருஷம் பி.காம் படிக்கிறவள். "ஆமா, பெரிய எடை. எனக்கென்ன, நானா மணவறையில உக்காரப் போறேன்? ஆறு மாசம் இல்ல, ஆறு வருஷம் தின்பேன்" என்றேன். எவ்வளவு பெருமையாக இருந்தது அதைச் சொல்லும்போது. தியாகமாம். போன் அடிக்கிறது. நினைத்தால் வந்துவிடுவாள், ராஜாமணி மதினியேதான். எடுக்காவிட்டால் மூன்று முறை அடிப்பாள். "என்ன மதினி, சத்தத்தையே காணோம், எங்க இருக்கீக?" "கம்பெனியிலதான் மதினி, அப்பளம் காயப்போட்டுக்கிட்டு இருக்கேன்." அந்த நேரம் பார்த்து ஒலிபெருக்கியில் ஒருத்தன் முப்பத்தேழு, முப்பத்தேழு என்று கத்துகிறான். "என்ன மதினி, நம்பர் கூப்புடுறாய்ங்க?" "ரேஷன் கடைக்கு வந்தேன் மதினி, இப்பதான், கம்பெனிக்குப் போற வழியில." வாய் கூசவில்லை. மழை பெய்கிறதா என்று கேட்டால்கூட இப்போது பொய்தான் வரும் போலிருக்கிறது. "அபி ரவிக்க அளவு வேணும் மதினி, ஞாயித்துக்கெழம குடுத்துவிடுங்க. நல்லாருக்காளா?" "நல்லாருக்கா மதினி." வைத்துவிட்டேன். நல்லாயிருக்கிறாள்.

குப்பி ஆறிவிட்டது. பத்து அடி. எழுந்துவிடலாம். வாராவாரம் இதே இடத்துக்கு வந்து காலி மாத்திரை அட்டைகளைக் காட்டியிருக்கிறேன், ஸ்டெல்லா சிஸ்டர் எண்ணி வாங்கிக்கொண்டு கேட்பார், "யூரின் சிவப்பாப் போகுதா?" "ஆமா சிஸ்டர்." "பயப்படாதீங்க, மருந்து நிறம்தான். நம்ம ஆளுகள்லயே நீங்கதான் ஒழுங்கு பேச்சியம்மா." அந்தப் பாராட்டைச் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டேன். எங்கோ ஒரு நோட்டில் எழுதியிருப்பார்கள். நாற்பத்து நாலு வயதுப் பெண், சிவப்பு தின்றாள், ஒரு தொந்தரவும் இல்லை. பத்தொன்பது வயதுப் பெண், வெள்ளை தின்றாள், மயங்கி விழுந்தாள். இரண்டும் தலைகீழ். அதை வைத்து நாளைக்கு எவளோ ஒருத்தி மகளுக்கு, அவள் உடம்பும் அபி உடம்பு மாதிரி இருந்தால்? சரி, ஊர்ப் பிள்ளைகளைப் பற்றி எனக்கு என்ன வந்தது, என் பிள்ளையே கிடக்கிறாள். அப்படியென்றால் எழுந்து போய்ச் சொல்லேண்டி. சொன்னால் இரண்டு பேரையும் நீக்கிவிடுவார்கள். நீக்கட்டுமே. சொன்னால் விசாரிப்பார்கள், ஏன் என்பார்கள், கல்யாணம் என்பேன், யார் வீடு என்பார்கள். இப்படியே சுற்றிச் சுற்றி வந்து மறுபடி கைக்குட்டையை விலக்குகிறேன். ஸ்டெல்லா சிஸ்டர் கதவைத் திறந்துகொண்டு வேகமாகப் போகிறார், எப்போதும் ஆடி அசைந்து நடக்கிறவர். பின்னாலேயே டாக்டரம்மா வெளியே வந்து என் முன்னால் நிற்கிறார். "ஏம்மா, பிரஷர் இறங்கிக்கிட்டே போகுது. வெள்ளை மாத்திரைக்கு இப்படி இறங்காது. வேற ஏதாவது குடுத்தீங்களா? நாட்டு மருந்து, கடை மாத்திர, எதுவா இருந்தாலும் சொல்லுங்க. டெங்குவான்னு பார்க்கணும், வேற ஆஸ்பத்திரிக்கு அனுப்புற மாதிரி வந்துரும்." இதுதான் இடம். இதைவிட நல்ல இடம் இனிக் கிடைக்காது. "ஒண்ணும் குடுக்கலங்க" என்றது வாய். நான் சொல்லவில்லை, வாய் சொன்னது. "யூரின் எங்க?" "கொட்டிருச்சுங்க." டாக்டரம்மா உள்ளே ஓடுகிறார். ஒருவர் என் கையில் இன்னொரு காலிக் குப்பியைத் திணித்துவிட்டுப் போகிறார்.

கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, காலால் அடைத்துக்கொண்டேன். இரண்டாவது குப்பியில் என்னுடையதைப் பிடித்தேன். ஜன்னல் மேடையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். என்னுடையது பார்லித் தண்ணீர் மாதிரி வெளிறிப் போய், ஒரு குற்றமும் இல்லாமல் நிற்கிறது. அவளுடையது அப்படியே. அபியின் பெயரை இதன் மேல் ஒட்டி ஒன்பதாம் நம்பரில் வைத்துவிட்டால் போதும், யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள், டாக்டர் டெங்குவைத் தேடுவார், டெங்கு இருக்காது, வேறு ஒன்றைத் தேடுவார், பிரஷர் இறங்கிக்கொண்டே போகும். சிவப்பைக் கோப்பைக்குள் சாய்க்கக் கையைக் கொண்டுபோனேன். குப்பியிலிருந்து கைக்குட்டை நழுவி ஈரத்தரையில் விழுந்தது. குனிந்தேன். நீலக் கட்டம் போட்ட கைக்குட்டை. பாக்குக் கறை என்றவரை நான் என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டேன்? அவராவது இருமலை மறைத்தார், தன் நெஞ்சுக்குள் இருந்ததை. கையில் எடுத்துப் பிள்ளை வாயில் போடவில்லை. வேலை போய்விடும் என்று அவர் பயந்ததும் சம்பந்தம் போய்விடும் என்று நான் பயப்படுவதும் ஒரே பயம்தான், அவருக்கு ஐந்து மாதம், எனக்குப் பதினேழு நாள், நான் குறைந்த நாளிலேயே முடித்துவிடுவேன் போலிருக்கிறது. எனக்கு வந்த கோபத்தில் சுவரில் தலையை முட்டியிருப்பேன். முட்டி என்ன ஆகப் போகிறது, அதற்கும் ஒரு கட்டில் பிடிக்கும். காலை எடுத்தேன், கதவு தானாகத் திறந்துகொண்டது. இரண்டு குப்பியையும் மூடி, இரண்டு கையிலும் வெளிப்படையாகப் பிடித்துக்கொண்டு நடந்தேன். ஒன்பதாம் நம்பரைத் தாண்டினேன். கேட்காமல் உள்ளே வராதே என்று எழுதியிருந்த கதவைக் கேட்காமல் தள்ளினேன்.

அபி முகம் வெள்ளைக் காகிதமாக இருந்தது. கட்டிலுக்குப் பக்கத்து மேஜையில், அட்டை நோட்டு எல்லாவற்றுக்கும் மேலே, இரண்டு குப்பியையும் வைத்தேன். "இது அவளுது. இது என்னுது. சிவப்பு மாத்திர தின்னது அவ. டப்பாவ மாத்துனது நான்." எல்லோரும் குப்பிகளைப் பார்த்தார்கள். டாக்டரம்மா மட்டும் என்னைப் பார்த்தார். "எப்பருந்து?" "மொத நாள்லருந்து." "கடைசியா எப்பக் குடுத்தீங்க?" இதைத்தான் கேட்டுவிடக் கூடாது என்று இருந்தேன். "காலைல ஆறு மணிக்குங்க. காய்ச்சலோட. வேணாம்னுதான் பாத்தா, நான்தான் முழுங்க வச்சேன்." திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன், அதற்குத் தயாராகத்தான் இருந்தேன். அவர் திட்டவில்லை. ஸ்டெல்லா சிஸ்டரிடம் ஏதோ ஊசியின் பெயரைச் சொன்னார், இரண்டு பேரும் ஓடினார்கள், ஒரு நிமிஷத்தில் திரும்பி வந்தார்கள், கைகள் வேலை செய்தன. என்ன செய்ய வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நான் சொல்லாததுதான் தெரியாமல் இருந்தது. மூலையில் ஜெபராஜ் வாயைப் பிளந்து நின்றான். "ஏங்க்கா, அவ்வளவு வாசிச்சுக் காட்டுனேனேக்கா" என்றான். எனக்கு அவன் போதும். "வாசிச்சடா. பதினோரு பக்கம் வாசிச்ச. ஒரே வீட்டுல ஒருத்திக்கு ஒரு மாசம், ஒருத்திக்கு ஆறு மாசம்னு குடுத்தியே, தனக்கு வந்த லேசானத எந்தத் தாயாவது மகளுக்குக் குடுக்காம தானே தின்பாளான்னு ஒரு பக்கத்துல எழுதுனியா? போ, ஒங்க கம்ப்யூட்டர்ட்ட கேட்டுட்டு வா." அவன் பேனாவை எடுத்து அதையும் எழுதிக்கொண்டான். லேசானது என்று சொல்லிவிட்டேனே தவிர, லேசானது கட்டிலில் கிடந்த கோலத்தைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன்.

முக்கால் மணி நேரம் கழித்துப் பிரஷர் ஏறத் தொடங்கியது. அதற்குள் ஏன் மாற்றினேன் என்று கேட்டதற்குக் கல்யாணத்தையும் சொல்லிவிட்டேன். ஸ்டெல்லா சிஸ்டர் பழையபடி ஆடி அசைந்து நடந்ததைப் பார்த்துத்தான் எனக்கு நம்பிக்கை வந்தது. இப்போது நான் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில். அபி கண்ணைத் திறந்தாள். "சொல்லிட்டியா?" "சொல்லிட்டேன்த்தா." "காலைல நானே சொல்லிருப்பேன். நீ முந்திக்கிட்ட." கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. சாதாரணமாகச் சொன்னாள், கண்ணை மூடிக்கொண்டாள், இமையோரத்தில் கசிந்தது ஆரஞ்சு நிறமாக இருந்தது. முந்தானையால் துடைத்தேன், முந்தானையில் ஒட்டியது. டாக்டரம்மா வந்து அவளுடைய அட்டையில் சிவப்பு மையால் கொட்டை எழுத்தில் எழுதினார். "அலர்ஜிம்மா. இனி இந்தச் சிவப்பு மருந்து வகையே இவளுக்கு ஆகாது, ஆயுசுக்கும். திரும்பக் குடுத்தா இதவிட மோசமா வரலாம். எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் இந்த அட்டையக் காட்டணும். கல்யாணம் ஆகப் போகுதுன்னீங்களே, அந்த வீட்டுக்கும் தெரிஞ்சிருக்கணும். இவ மயக்கத்துல இருக்கும்போது பக்கத்துல இருக்கிறவங்கதான் சொல்லணும்." பக்கத்தில் இருக்கிறவர்கள். இன்றைக்குப் பக்கத்தில் இருந்தவள் நான். அட்டையை என் கையில் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். சீட்டை எப்படி எடுத்தாலும், எப்படி மாற்றினாலும், கடைசியில் என் கைக்கு வந்தது இந்த அட்டைதான், இதை யாரோடும் மாற்ற முடியாது.

போன் அடிக்கிறது. ராஜாமணி மதினி. வெளியே நடைபாதைக்கு எடுத்து வந்தேன், காலையில் இருமியவர் அங்கேயே உட்கார்ந்திருக்கிறார், முகக்கவசம் மறுபடி தாடைக்கு இறங்கியிருக்கிறது. வாசலுக்கு அப்பால் வாகை மரத்தடியில் என் வீட்டுக்காரர் ஆட்டோவை விட்டு இறங்கி நின்று என்னையே பார்க்கிறார், பக்கத்தில் வரப் பயம். "மதினி, ரவிக்கக்குத் துணி வேற எடுக்கணும், மறந்தே போனேன். ரேஷன் முடிஞ்சுதா?" "நான் ரேஷன் கடைல இல்ல மதினி." "அப்ப கம்பெனிக்குப் போயிட்டீகளா?" "கம்பெனிலயும் இல்ல. ஆஸ்பத்திரில இருக்கேன்." "ஆத்தீ, எந்த ஆஸ்பத்திரி? யாருக்கு என்ன?" திரும்பிப் பார்த்தேன். கதவு இடுக்கு வழியாக அபி கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைப் பார்க்கிறாள், காலையில் டாக்டர் கேட்டபோது பார்த்த அதே பார்வை. இந்த முறையும் நான்தான் முந்திக்கொள்ள வேண்டும். "டி.பி. ஆஸ்பத்திரி மதினி" என்றேன், சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டுவிடும் என்ற நினைப்பே இல்லாமல், தாடைக்காரர் நிமிர்ந்து பார்க்கிற அளவு சத்தமாக. "வேலையா இருந்தா அதப் போட்டுட்டு உக்காருங்க. மொதல்லருந்து சொல்றேன்."